நொய்ப்பூ விதைத்த அக்காவுக்கு

என் கனகக்கா,

கல்யாணம் முடிந்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நம் சரோஜா மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டாள். மொரப்பூரில் தம்பி வீட்டுப் பந்தலைப் பிரித்து, இரவல் வாங்கிய பாத்திரங்களைத் துலக்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு, போன வாரம்தான் தர்மபுரி வந்து சேர்ந்தேன். கதவைத் திறந்ததும் "வந்துட்டியாடி?" என்ற குரல் வரவில்லை. வராது என்று தெரியும். ஆனாலும் செருப்பைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் வாசற்படியிலேயே நின்றேன்.

களைப்பாக இருக்கிறது அக்கா. பிரயாணக் களைப்பு என்றால் தூங்கி எழுந்தால் போய்விடும். இது எழுந்த பிறகும் கூடவே எழுந்து உட்காருகிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கணக்கைத் தப்பாகப் போட்டால் திருத்தக்கூடத் தோன்றாமல் பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.

உனக்கு எழுதினால் எங்கே போடுவது? அதனால்தான் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் உரக்க வாசிக்க, நீ அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பாயே, அதே பத்திரிகைதான். எங்கேயோ ஒரு வீட்டில் யாரோ யாருக்கோ இதை வாசித்துக் காட்டுவார்கள். உன் காதிலும் விழுந்த மாதிரி எனக்கு ஒரு நினைப்பு. மற்றவர்களும் கேட்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நீ வெள்ளைப் புடவையோடு மொரப்பூர் ஸ்டேஷனில் வந்து இறங்கியபோது நான் சென்னையில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு ரயில்வேயில் குமாஸ்தா வேலை. ஒரு மகளைப் படிக்க வைத்தோம், ஒரு மகளைக் கட்டிக் கொடுத்தோம், இரண்டும் நன்றாக அமைந்தது என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்த நாட்கள் அவை. பிறகு அவர் அதைச் சொல்லவே இல்லை. அப்பாவும் அம்மாவும் போன பின், இந்த ஊர்ப் பெண்கள் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. "தனியா எப்படிடி இருப்ப? சோறாக்கத் தெரியுமா உனக்கு?" என்று நீயும் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தாய். கல்யாணமே வேண்டாம் என்ற ஒருத்தியும் கல்யாணம் முடிந்துபோன ஒருத்தியும் சேர்ந்து ஒரு குடும்பம் ஆனோம். மொரப்பூரில் பெண்பிள்ளைகள் படிக்க வசதியில்லை என்று தம்பி தன் மகள் சரோஜாவை நம்மிடம் கொண்டுவந்து விட்டதும் வீடு நிறைந்தது. நீ பெரியத்தை. நான் சின்னத்தை. அவளுக்குப் பேன் பார்த்ததும், காய்ச்சலில் ராத்திரியெல்லாம் மடியில் போட்டுக்கொண்டதும் பெரியத்தை. வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்தது மட்டும் நான்.

உன் வலது கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூக்காரி வாசலில் கூடையை இறக்கினால் அந்தக் கை தானாக உன் முதுகுக்குப் பின்னால் போய்விடும். யாரும் சொல்ல வேண்டியதில்லை. சூடு பட்டால் விரல் பின்வாங்குகிற மாதிரி. அதைப் பார்க்க முடியாமலே நான் வீட்டில் பூ வைத்துக்கொள்வதை விட்டுவிட்டேன். "ஏண்டி, உனக்கென்ன கேடு, வெச்சுக்கயேன்" என்று நீ ஒரே ஒரு முறை கேட்டாய். தலைவலி வருகிறது என்றேன். நீ நம்பவில்லை. நானும் நீ நம்ப வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை.

அந்த விதை பெங்களூரிலிருந்து வந்தது. பள்ளிக்கூடத்துத் தோட்டத்துக்கென்று ஒரு விதைக்கடையில் சீமைப் பூ விதைகள் வாங்கினேன். ஒரு பொட்டலம் மிஞ்சியது. நம் கொல்லை மண்தான் உனக்குத் தெரியுமே, வெளுத்த மண், தோண்டினால் சுக்கான் கல். கத்தரி வைத்தோம், காய்க்கவில்லை. அவரை பந்தல் ஏறவில்லை. "சும்மா தூவிப் பாரு, வந்தா வரட்டும்" என்று பொட்டலத்தை உன்னிடம் கொடுத்தேன். கடுகைவிடச் சின்ன விதை. இடிந்து விழுந்த பின்சுவர்க் காரையை நீ கொத்திவிட்டு அதன்மேலேயே தூவினாய். ஐப்பசியில் தூவியது, தை பிறப்பதற்குள் நூல் நூலாகக் கிளைத்து, கிளை நுனியெல்லாம் வெள்ளைப் புள்ளியாகப் பூத்தது. தூரத்திலிருந்து பார்த்தால் தரையில் புகை படிந்து நிற்பதுபோல இருக்கும்.

"இதும் பேரு என்னடி?" என்று கேட்டாய்.

"இங்கிலீஷ்ல பேபிஸ் ப்ரெத்னு போட்டிருக்குக்கா. குழந்தையோட மூச்சுன்னு அர்த்தம்."

நீ சிரிக்கவில்லை. "மூச்சப் போயி யாராச்சும் பூவுக்குப் பேரா வெப்பாங்களா? கொழந்த தூங்குனா மூச்சு வருதான்னு மூக்குல வெரல வெச்சுப் பாப்போம். அது பயம்டி. பூ இல்ல."

காலியாகிப்போன எந்தத் தொட்டிலை நினைத்து அதைச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். அந்தப் பேரை அதற்குப் பிறகு நம் வீட்டில் யாரும் சொல்லவில்லை.

அடுத்த வீட்டு மாதம்மாள்தான் முதலில் பார்க்க வந்தாள். எருமை வைத்திருக்கிறவள், நமக்குப் பால் ஊற்றுகிறவள், அவள் வாயில் விழாத சங்கதி இந்தத் தெருவில் கிடையாது. குனிந்து மோந்து பார்த்தாள்.

"வாசனையே இல்லீங்களே டீச்சரம்மா. தலைக்கு வெக்கலாங்களா?"

"தொடுக்க வராது மாதம்மா. காம்பு நூல் மாதிரி இருக்கு."

"சாமிக்காச்சும் ஆவுங்களா?"

அதையும் கேட்டுப் பார்த்தோம். கோயில் குருக்கள் ஒரு கொத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நமக்குச் சொன்ன பூவிலே வரலியேம்மா. வேண்டாம்னும் சொல்லலை, வேணும்னும் சொல்லலை" என்று கொடுத்துவிட்டார்.

"அப்ப இது பூவே இல்லீங்க. களை. எங்க எருமகூட மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கிச்சு!" என்று மாதம்மாள் கையைத் தட்டிச் சிரித்தாள்.

அன்று சாயங்காலம் நீ கொல்லையில் நெடுநேரம் நின்றாய். பிறகு என்னைக் கூப்பிட்டாய்.

"தலைக்கும் ஆவாது. சாமிக்கும் ஆவாது. செத்தவங்களுக்கும் இதப் போட மாட்டாங்க. அப்ப இதுக்குச் சட்டமே கெடையாதா விசாலு?"

"கிடையாதுக்கா."

"அப்ப நான் தொடலாம்."

முதுகுக்குப் பின்னாலிருந்து அந்தக் கை வந்தது. நீ பூவைப் பறிக்கவில்லை. உள்ளங்கையை அதன்மேல் வைத்து, குழந்தையின் தலையைத் தடவுகிற மாதிரி ஒரு தடவு தடவினாய். நான் கல்லூரியில் என்னென்னவோ படித்திருக்கிறேன் அக்கா. சீர்திருத்தம் பேசியவர்களைக் கேட்டிருக்கிறேன், கை தட்டியிருக்கிறேன். உனக்காக ஒரு சட்டத்தையும் என்னால் மாற்ற முடியவில்லை. சட்டம் எட்டாத ஒரு சாண் மண்ணை நீயே கண்டுபிடித்துக்கொண்டாய்.

அதற்கு நம் பேர் வைத்தது சரோஜா. அப்போது பாவாடை தடுக்கி விழுகிற வயசு அவளுக்கு. நீ முறத்தில் நொய் புடைத்துக்கொண்டிருந்தாய். பின்னால் வந்து உன் கொண்டையில் ஒரு கொத்தைச் செருகிவிட்டாள். நீ பதறிப் போய், "ஐயோ, எடுடி, எடுடி கண்ணு, யாராச்சும் பாத்தா!" என்றாய். அவள் எடுக்கவில்லை. முறத்தையும் பூவையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இது பூ இல்ல பெரியத்தை, நொய்யி. தலையில நொய்யி ஒட்டிக்கிட்டா யாராச்சும் திட்டுவாங்களா?"

நீ அதை எடுக்காமலே விளக்கு வைக்கிற வரைக்கும் வேலை பார்த்தாய். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து அது நொய்ப்பூ.

யுத்தம் வந்தது. சீமை விதை வருவது நின்றது. நம் கொல்லை வேலிக்குப் பின்னால் போகிற சின்ன ரயிலும் நின்றது. மொரப்பூரிலிருந்து வருகிற அந்தக் குட்டி ரயிலை நீ எவ்வளவு கேலி செய்வாய்! "எறங்கி மூஞ்சி கழுவிட்டு ஏறிக்கலாம்டி, அதுவும் நம்மள வுட்டுட்டுப் போவாது" என்பாய். ஆனால் அது ஊதினால் கை வேலையை விட்டுவிட்டு வேலியோரம் போய் நிற்பாய். ஆட்கள் வந்து தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போனபோது, வெறும் சல்லிக் கல்லைப் பார்த்து, "பல்லுப் புடுங்குன வாயி மாதிரி இருக்கு" என்றாய். யுத்தத்துக்கு இரும்பு வேண்டுமாம் என்றேன். "அவங்க சண்டைக்கு நம்ம ரயிலு எதுக்கு?" என்று கேட்டாய். 

கடையில் விதை இல்லை என்றதும் நீயே சேர்க்கத் தொடங்கினாய். பூ காய்ந்ததும் செடியைப் பிடுங்கி முறத்தில் உதறி, விதையைத் துணியில் முடிந்து, அடுப்புச் சாம்பலோடு ஜாடியில் போடுவாய். உதறிய சக்கையையும் உதிர்ந்த காரையையும் வாரி வேலிக்கு அந்தப் பக்கம் வீசுவாய். வருஷா வருஷம் அப்படித்தான் நடந்தது. ரேஷன் கடை வரிசையில் நின்று நொய்யை வாங்கி வந்து, கொல்லையிலும் நொய்யைப் பார்க்கிற வீடு நம்முடையது ஒன்றுதான் என்று சரோஜா சிரிப்பாள்.

போன ஆடியில் நீ படுத்தாய். சரோஜாவுக்குத் தையில் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை அரூர்ப் பக்கம், விவசாயக் குடும்பம், தீர்த்தமலை அடிவாரத்தில் கல்யாணம். தம்பி வந்து சொல்லிவிட்டுப் போன பிறகு நீ என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாய்.

"ஐப்பசியில வெதச்சுடு விசாலு. தைக்குப் பூத்துடும். அவ தலையில ஒரு கொத்து வெச்சுடு."

"நீயே வெதைக்கலாம்கா. எந்திரிச்சிடுவ."

"எந்திரிச்சாலும் மணவறைப் பக்கம் நான் வரப்போறனா? நான் எப்படியும் வரக்கூடாது. அந்தப் பூவாச்சும் போவட்டும்."

ஆவணியில் நீ போனாய். தலைமாட்டில் வைக்க ஒரு பூ இல்லை. நொய்ப்பூவுக்கு அது பருவமில்லை. சட்டமில்லாத பூவுக்கும் ஒரு பருவம் இருக்கிறதே என்று அன்றைக்கு அதன்மேல் எனக்குக் கோபம் வந்தது.

ஐப்பசி மழை விட்டதும் ஜாடியிலிருந்த விதை முழுவதையும் தூவினேன். கொஞ்சம் நிறுத்தி வைத்திருக்கலாம். தோன்றவில்லை. பச்சை மயிர் போல முளைத்தது. பள்ளிக்கூடம் போகும் முன் பார்ப்பேன், வந்ததும் பார்ப்பேன். உன்னைப் பார்த்துக்கொண்ட மாசங்களில் வந்த பழக்கம்: உள்ளே நுழைந்ததும் முதலில் மூச்சு வருகிறதா என்று பார்ப்பது. நீ பயம் என்று சொன்னது இதைத்தானே?

ஒரு நாள் வந்து பார்த்தால் பாத்தி கறுப்பாக இருந்தது. கணுக்கால் உயரத்துக்கு எரு. மேலே குளம் மாதிரி தண்ணீர். மாதம்மாள் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு பெருமையாக நின்றாள்.

"நாந்தாங்க டீச்சரம்மா. மண்ணு வெள்ளவெளேர்னு கெடந்துச்சு, பாக்கவே பாவமா இருந்துச்சு. அக்கா இருந்தா இப்பிடி வுட்டிருப்பாங்களா? நல்ல மக்குன எருவு, எங்க எருமது, கூடை கூடையாக் கொட்டிட்டேன். தண்ணியும் நாலு கொடம் ஊத்திட்டேன். சரோஜா கண்ணாலத்துக்கு எப்பிடிப் பூக்குது பாருங்க!"

 இந்தச் சீமையில் பாசம் வந்தால் எருவைத்தான் கொட்டுவார்கள். வானம் பார்த்த பூமியில் பிறந்தவளுக்கு, வெறும் காரையில் பட்டினி கிடந்தால்தான் ஒரு செடி பூக்கும் என்று எப்படித் தெரியும்? எருவை வழித்துப் பார்த்தேன். இலை ஒரு வாரம் கொழுகொழுவென்று நின்றது. பிறகு தண்டு அடியில் கருகி, ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்ந்து, அழுகிப் போனது. மாதம்மாள் வந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் கொன்னுட்டனாங்க?" என்று கேட்டாள். "அழாதே, மழை ஜாஸ்தி" என்றேன். ஜாடியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். சாம்பல்தான் விழுந்தது.

தம்பி பெண்டாட்டி பாக்கியம் துணி எடுக்க வந்தபோது விஷயத்தைச் சொன்னேன். நொய்ப்பூ வைப்பதில் அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே சம்மதமில்லை என்பது உனக்குத் தெரியும். கெட்டவள் இல்லை அவள். பயந்தவள்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணி. ஒரு விதத்துல நல்லதாப் போச்சுங்க. பெரியண்ணி எம் மவள எப்படி வளத்தாங்கன்னு எனக்குத் தெரியாதா? ஆனா மொத மொதல்ல மணவறை ஏறுற பொண்ணு. அவங்க கைபட்ட பூவுன்னு நாளைக்கு மாப்ள வூட்ல யாராச்சும் ஒரு சொல்லு சொல்லிட்டா, ஆயுசுக்கும் எம் பொண்ணுதான கேக்கோணும்?"

சரோஜா அந்தப் பக்கம் திரும்பித் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். "பெரியத்தை கைபட்ட நானு ஏறலாம். பூவு ஏறக்கூடாதா?" என்று மட்டும் கேட்டாள். பாக்கியம் அழுதாள். நான் யார் பக்கமும் பேசவில்லை. பூவே இல்லாதபோது எதற்காகச் சண்டை போடுவது? அதற்குக்கூடத் தெம்பு வேண்டியிருக்கிறது.

மார்கழி முழுக்க நான் கொல்லைக் கதவைத் திறக்கவில்லை.

தை பிறந்து, கல்யாணத்துக்குக் கிளம்ப வேண்டிய வாரம். காலையில் மாதம்மாளின் எருமைக் கன்று வேலிக்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்விட்டது. அவள் அதைத் திட்டிக்கொண்டே முள்ளை விலக்கிப் போகிற சத்தம் கேட்டது. சட்டென்று திட்டு நின்றது. பிறகு ஊருக்கே கேட்கிற மாதிரி ஒரு கூச்சல்.

"டீச்சரம்மா! ஓடியாங்க! ரயிலு பாதையில உங்கக்கா நொய்யி கொட்டி வெச்சிருக்காங்க!"

புடவை முள்ளில் கிழிந்ததை அப்புறம்தான் பார்த்தேன். தண்டவாளம் போன இடத்தில், சல்லிக் கல்லுக்கு இடையில், நீ வீசிய காரைத் துண்டுகளைச் சுற்றி, நம் வேலி நீளத்துக்கும் வெள்ளையாக நின்றது. எரு இல்லை, தண்ணீர் இல்லை, ஆள் இல்லை. கொல்லையில் ஒரு நாளும் அப்படிப் பூத்ததில்லை. மாதம்மாள் கன்றின் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எங்கே தான் மிதித்துவிடுவோமோ என்று ஒற்றைக் காலில் நின்றாள். "நான் ஒண்ணும் பண்ணலைங்க. சத்தியமா ஒண்ணும் போடலைங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நீ போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு. அதற்குப் பிறகு அந்தக் கல்லிலேயே உட்கார்ந்து அழுதேன்.

ஒன்று கேட்கிறேன் அக்கா. அங்கே முளைக்கிறது என்று உனக்குத் தெரியுமா? போன தையில் வேலியோரம் போய்ப் போய் நின்றாயே. ரயில்தான் இல்லையே, எதைப் பார்க்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

ஈரத்துணியில் சுற்றி, கூடையில் வைத்து, மொரப்பூருக்கு எடுத்துப் போனேன். இப்போது பஸ்தான். பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடுகிற பஸ். ஏற்றம் வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். பூவில் கரி படியாமல் முந்தானையால் மூடிக்கொண்டேன். பக்கத்திலிருந்த அம்மாள், "கைக்கொழந்தைங்களா? சத்தமே காணமே" என்றாள். ஆமாம் என்றேன். விளக்க அலுப்பாக இருந்தது.

தீர்த்தமலையில் முகூர்த்தத்துக்கு முன் சரோஜாவுக்கு ஜடை பின்னும்போது கூடையைத் திறந்தேன். பாக்கியத்தின் முகம் வெளுத்தது.

"அழுவிப் போச்சுன்னீங்களே அண்ணி?"

"தோட்டத்துது அழுகிடுச்சு பாக்கியம். இது ரயில் பாதையில தானா முளைச்சது. யாரும் விதைக்கல. யார் கையும் படல."

பாக்கியம் தலையை ஆட்டிவிட்டுச் சமையல் பக்கம் போய்விட்டாள். மல்லிகைக்கும் கதம்பத்துக்கும் நடுவில் அங்கங்கே நொய்ப்பூவைச் செருகினேன்.  யார் கையும் படல! உன் பூவை உள்ளே கொண்டுபோக, உன் கையை நான் வெளியே நிறுத்திவிட்டேன். சொன்ன வாய் அன்று முழுக்கக் கசந்தது.

மாப்பிள்ளையின் அம்மா வந்தார்கள். கனத்த உடம்பு, கனத்த குரல். சரோஜாவின் தலையைப் பார்த்து நின்றுவிட்டார்கள்.

"இதென்ன கண்ணு இது, பூவா? பாத்ததே இல்லியே."

 சரோஜா குனிந்த தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"பூ இல்லைங்க அத்தை. நொய்யி."

அந்த அம்மாள் ஒரு கணம் விழித்தார்கள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்கள். "ஊரே ரேசன் கடையில நிக்குது, எம் மருமவ நொய்யத் தலையில வெச்சுக்கிட்டு வர்றா! வசதியான எடந்தான் போ!" என்று சொல்லி, விலகியிருந்த ஒரு கிளையைத் தன் கையாலேயே சரியாகச் செருகிவிட்டார்கள்.

அப்படித்தான் அது மணவறை ஏறியது. தாலி கட்டும்போது நான் சரோஜாவைப் பார்க்கவில்லை, அந்த வெள்ளைப் புள்ளிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ உயிரோடு இருந்திருந்தால் எங்கே நின்றிருப்பாய்? பின்கட்டில் இலை துடைத்துக்கொண்டிருப்பாயா? மேளம் கேட்டதும் கை முதுகுக்குப் பின்னால் போயிருக்குமா? உன்னைவிட உன் பூவுக்குச் சுலபமாக வழி கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படுவதா, அக்கா? அதுவும் ஒரு சிரிப்பில் ஒளிந்துகொண்டு, பூ இல்லை என்று சொல்லிக்கொண்டு. எனக்குத் தெரியவில்லை. இந்தக் களைப்பு அதனால்தானோ என்னவோ.

இனி இன்றைய சேதி. மறுவீட்டுக்கு வந்த சரோஜா என்னைப் பார்க்க ஒரு நடை தர்மபுரி வந்தாள். அவள் மாமியாருக்கு அந்தப் பூ மனசிலேயே நிற்கிறதாம். கிணற்றடியில் போட விதை வேண்டும் என்று கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். "யாரு வளத்தது, எங்க கெடச்சதுன்னு கேட்டாங்க சின்னத்தை. நீங்க வந்து சொல்லுவீங்கன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

"நான் சொன்னா உனக்குத்தானேம்மா கஷ்டம்? உங்கம்மா பயந்தது அதுக்குத்தானே?"

அவள் கொல்லைப் பக்கம் பார்த்துக்கொண்டே, "கேக்கறது நாந்தான? கேட்டுக்கறேன். நீங்க சொல்லுங்க" என்றாள். முகம் மட்டும் கொஞ்சம் வாடியிருந்தது. பயம் இல்லாமல் சொன்னாள் என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்று காலை வேலிக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். பாதிக்கு மேல் காய்ந்துவிட்டது. மாதம்மாள் கன்று போகாமல் முள்ளை வெட்டி வைத்து அடைத்திருக்கிறாள். தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போகிறவர்களையெல்லாம் மிரட்டுகிறாளாம்.

மாசி பிறந்ததும் உன் முறத்திலேயே உதறி, உன் மாதிரியே துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு போகிறேன். அந்த அம்மாள் எதிரில் உட்கார்ந்து, முடிச்சை அவிழ்ப்பதற்கு முன் சொல்லுவேன்: இது தானாக முளைத்ததில்லை, இதை வளர்த்தது என் அக்கா கனகம், சின்ன வயசிலேயே புருஷனை இழந்தவள், உங்கள் மருமகளை வளர்த்ததும் அதே கைதான். கேட்டுவிட்டுக் கை நீட்டினால் கொடுப்பேன். நீட்டாவிட்டால் கொண்டுவந்து சல்லிக் கல்லின்மேல் உதறிவிடுவேன். எது நடந்தாலும் உன் பேரை ஒரு வீட்டு நடுக்கூடத்தில் சத்தமாகச் சொல்லியிருப்பேன். இது சத்தியம் அக்கா. அதற்கு மட்டும் தெம்பைச் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

உனக்குப் பின்னால் பிறந்து, உன் பின்னாலேயே நடந்து பழகிய தங்கை,
விசாலம்